கிறிஸ்டியன் அப்சர்வர்: ஒரே பத்திரிகையா, வேறு வேறா? மதுரை மிஷன் செய்தியை எந்த வருடத்து இதழில் தேடுவது?

கேள்வி – வைகைக்கரையான்

வணக்கம். சபை ஆண்டுமலருக்காகப் பழைய பெட்டி ஒன்றைப் பிரித்ததில் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டு ஒன்று இருக்கிறது. மொத்தம் 14 இதழ். மேலோட்டமாகப் பார்த்ததில் எல்லாவற்றிலும் தலைப்பு 'கிறிஸ்டியன் அப்சர்வர்'. ஆனால் 9 இதழில் ஊர் பிலடெல்பியா, வருடம் 1840களும் 50களும். மீதி 5 இதழில் ஊர் கென்டக்கி மாநிலத்து லூயிவில், வருடம் 1880க்குப் பிந்தியது. தலைப்புக்குக் கீழே 'பிரஸ்பிட்டேரியன் குடும்பப் பத்திரிகை' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது (பிரஸ்பிட்டேரியன் என்பது புராட்டஸ்டண்ட் சபைப்பிரிவுகளில் ஒன்று).

தெரிய வேண்டியவை: இது ஒரே பத்திரிகையா, பெயர் மட்டும் ஒன்றா? ஆரம்ப வருடம் என்று 1813, 1840, 1869 மூன்றும் சொல்லப்படுகின்றன. மலரில் எதைப் போடுவது? 'அமெரிக்காவின் முதல் மதப் பத்திரிகை' என்று எழுதலாமா? மதுரை மிஷன் கடிதங்கள் இதில் வந்திருக்குமா?

இன்னொன்று. பழைய 9 இதழும் துணி மாதிரி வளைகின்றன. புதிய 5 இதழும் அப்பளமாக நொறுங்குகின்றன. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? படம் எடுக்க எப்படி விரிப்பது?

—

பதில் – அச்சுக்கோப்பு

ஒரே பத்திரிகைதான். ஆனால் இரண்டு ஓடைகள் கலந்து ஓடிய ஆறு. அதனால்தான் மூன்று ஆரம்ப வருடம்.

முதல் ஓடை பிலடெல்பியா. ஜான் வெல்வுட் ஸ்காட் என்பவர் 1813 செப்டம்பரில் 'ரிலிஜியஸ் ரிமெம்பரன்சர்' என்ற வாரப் பத்திரிகையை அங்கே தொடங்கினார். பெயரும் ஆளும் மாறி மாறி, 1830களின் கடைசியில் அது 'பிலடெல்பியா அப்சர்வர்' என்று நின்றது. இரண்டாவது ஓடை வர்ஜீனியாவின் ரிச்மண்ட். 1822ல் அங்கே 'ஃபேமிலி விசிட்டர்' என்று ஒரு பத்திரிகை வந்தது. 'குடும்பம்' என்ற சொல் இந்த மரபுக்குள் நுழைந்தது அங்கேதான், லூயிவிலில் அல்ல. 1827ல் அமாசா கான்வர்ஸ் என்ற பாதிரியார் ஆசிரியரானார்; பிறகு அது 'சதர்ன் ரிலிஜியஸ் டெலிகிராஃப்' என்று பெயர் மாறியது. (டெலிகிராஃப் என்றதும் தந்தி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். மோர்ஸின் மின்தந்தி 1844ல்தான் ஓடியது. அதற்கு முந்தைய பத்திரிகைப் பெயர்களில் அந்தச் சொல், கோபுரத்துக்குக் கோபுரம் கைகாட்டி அசைத்துச் செய்தி அனுப்பிய முறையைக் குறிக்கும்.)

1839ல் கான்வர்ஸ் தன் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு பிலடெல்பியா போய் அப்சர்வரோடு இணைத்தார். 1840ல் பெயர் 'கிறிஸ்டியன் அப்சர்வர்' ஆனது. உங்கள் 9 இதழும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை.

லூயிவில் வந்த கதைக்கு உள்நாட்டுப் போர் காரணம். கான்வர்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்த வடக்கத்தியர். ஆனால் அடிமை ஒழிப்பு இயக்கத்தை எதிர்த்தவர், தென்மாநிலங்கள் பக்கம் நின்று எழுதியவர். இதை மலரில் பூசி மெழுக வேண்டாம். பத்திரிகை இடம் மாறியதற்கே அதுதான் காரணம். 1861 ஆகஸ்டில் மத்திய அரசின் மார்ஷல் என்ற அதிகாரி பிலடெல்பியா அலுவலகத்தை மூடினார். கான்வர்ஸ் ரிச்மண்டுக்குப் போய் அதே வருடம் மறுபடி அச்சிட்டார். போர் முடிந்தபின், 1869ல் லூயிவிலுக்கு மாறி, அங்கே வந்துகொண்டிருந்த 'ஃப்ரீ கிறிஸ்டியன் காமன்வெல்த்' என்ற பத்திரிகையோடு சேர்ந்தது. 1872ல் அமாசா கான்வர்ஸ் இறந்தார், மகன்கள் தொடர்ந்தார்கள். குடும்பப் பத்திரிகையை நடத்தியதும் ஒரு குடும்பமே.

ஆகவே மலரில் இப்படிப் போடுங்கள்: '1813ல் தொடங்கிய மரபில் வந்தது, இந்தப் பெயரில் 1840 முதல், லூயிவிலில் 1869 முதல்.' மூன்றும் சரி, தனித்தனியாக எடுத்தால் மூன்றும் தப்பு.

'முதல்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். எலியாஸ் ஸ்மித் 1808லேயே 'ஹெரால்ட் ஆஃப் காஸ்பல் லிபர்ட்டி' தொடங்கிவிட்டார்; அவர் பிரஸ்பிட்டேரியன் அல்ல. 1814ல் ஒஹையோவின் சில்லிகாத்தியில் 'வீக்லி ரெக்கார்டர்', 1816ல் 'பாஸ்டன் ரெக்கார்டர்'. வாரப் பத்திரிகை என்று பார்த்தால் ஒருவர், சபைப்பிரிவு என்று பார்த்தால் இன்னொருவர், இடைவிடாமல் வந்தது எது என்று பார்த்தால் மற்றொருவர் என்று முதலிடம் மாறிக்கொண்டே போகும். 'மிகப் பழைய மத வாரப் பத்திரிகைகளில் ஒன்று' என்றால் யாரும் மறுக்க முடியாது.

இதழ் எண்ணில் ஒரு எச்சரிக்கை. சம்புடம் (தொகுதி) எண்ணிலிருந்து ஆரம்ப வருடத்தைக் கழித்துக் கண்டுபிடிக்க முயன்றால் ஏமாறுவீர்கள். இரண்டு பத்திரிகை இணையும்போது எந்தப் பத்திரிகையின் கணக்கைத் தொடர்வது என்பது ஆசிரியர் விருப்பம். பழைய பெருமை வேண்டுமென்றால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்கள். தலைப்பில் 'மொத்த எண்' என்று இன்னொரு எண் இருந்தால் அதை வைத்துச் சோதியுங்கள்: இரண்டு இதழ்களின் தேதி வித்தியாசத்தை 7ஆல் வகுத்தால் வருவது, மொத்த எண்களின் வித்தியாசத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எண் வித்தியாசம் குறைந்தால் நடுவில் அச்சு நின்றிருக்கிறது, கூடினால் எண்ணையே மாற்றியிருக்கிறார்கள்.

—

பதில் – பசுமலைப்பாதை

மதுரை பற்றி நான் சொல்கிறேன். பெட்டியைப் புரட்டும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

இங்கே பலரும் 'அமெரிக்கன் மிஷன்' என்றதும் பிரஸ்பிட்டேரியன் என்றோ, கான்கிரிகேஷனல் என்ற இன்னொரு சபைப்பிரிவு என்றோ ஒரே பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து மிஷனைத் தொடங்கியவர்களை அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு என்ற வெளிநாட்டு மிஷன் சங்கம். அது கான்கிரிகேஷனல்காரர்கள் ஆரம்பித்தது. ஆனால் பிரஸ்பிட்டேரியன்களும் டச்சு ரிஃபார்ம்டு சபையாரும் அதற்குப் பணமும் ஆளும் கொடுத்தார்கள்.

1837ல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை 'ஓல்ட் ஸ்கூல்', 'நியூ ஸ்கூல்' என்று இரண்டாக உடைந்தது. ஓல்ட் ஸ்கூல் தனக்கென்று தனி வெளிநாட்டு மிஷன் போர்டு வைத்துக்கொண்டது. அவர்களுடைய இந்திய வேலை பஞ்சாப் லூதியானா, அலகாபாத் பக்கம். நியூ ஸ்கூல் அமெரிக்கன் போர்டோடேயே 1870 வரை நின்றது. டச்சு ரிஃபார்ம்டு 1857ல் விலகி ஆற்காடு மிஷனைத் தனியாக எடுத்துக்கொண்டது.

இப்போது உங்கள் கட்டுக்கு வாருங்கள். பிலடெல்பியாவில் இருந்தபோது கான்வர்ஸ் நியூ ஸ்கூல்காரர். அதனால் மதுரைச் செய்தி அகப்பட வாய்ப்புள்ள காலம் 1840லிருந்து 1857 வரை. 1857ல் தென்மாநில நியூ ஸ்கூல் சபைகள் அடிமைமுறைத் தகராறில் பிரிந்து போயின, கான்வர்ஸும் அவர்களோடு போனார். அவர்கள் 1864ல் தெற்கு ஓல்ட் ஸ்கூலோடு இணைந்தார்கள். போருக்குப் பிறகு அந்தத் தெற்குச் சபையின் மிஷன் சீனாவுக்கும் பிரேசிலுக்கும் போனது, மதுரைக்கு அல்ல. ஆகவே லூயிவில் இதழ் 5ஐயும் மதுரைக்காகத் துழாவ வேண்டாம். தாது வருஷப் பஞ்சம், 1876–78, பற்றி மிஷன்காரர்கள் எழுதியதைத் தேடுகிறவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அதற்கு அமெரிக்கன் போர்டின் மாத இதழ் 'மிஷனரி ஹெரால்ட்'தான் முதல் இடம்.

பழைய 9 இதழில் தேடும் முறை:

அந்தக் காலச் சபைகளில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை மிஷனுக்கான கூட்டு ஜெபம். அதில் உரக்க வாசிக்கச் செய்தி வேண்டும் அல்லவா? அதனால் முதல் திங்களை ஒட்டி வந்த இதழ்களை முதலில் பிரியுங்கள்.

கடிதத்தின் தேதியையும் இதழின் தேதியையும் குழப்பாதீர்கள். பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன நாளில் நான்கு ஐந்து மாதம் கடலிலேயே போகும். பிறகு பாஸ்டனில் படித்து, மிஷனரி ஹெரால்டில் போட்டு, அதிலிருந்து வெட்டி இங்கே சேர்ப்பார்கள். பசுமலையில் நடந்தது பிலடெல்பியாவில் அச்சாக ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். 1845ல் திருமங்கலத்திலிருந்து செமினரி பசுமலைக்கு வந்தது, 1847ல் மிஷன் ஊழியர் சாதியை விட வேண்டும் என்று எழுந்த பெரும் பிணக்கு, இவை இரண்டையும் அடுத்த வருட இதழ்களிலும் தேட வேண்டும்.

எழுத்துக்கூட்டல்: மதுரையை 'மதுரா' என்றுதான் எழுதுவார்கள். திருமங்கலம் 'திருமுங்கலம்' ஆகும், பழனி மலை 'புல்னி' ஆகும். கணினியில் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜாவாவுக்குப் பக்கத்தில் மதுரா என்றே ஒரு தீவு இருக்கிறது, டச்சுக்காரர் செய்தியில் அடிக்கடி வரும்.

கடிதம் கிடைத்தவுடன் 'இந்தப் பத்திரிகைக்கு மதுரையிலிருந்து எழுதினார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். 1792 தபால் சட்டப்படி அமெரிக்காவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இன்னொரு ஆசிரியருக்குத் தன் இதழை இலவசமாக அனுப்ப முடிந்தது. அதனால் ஒரே கடிதம் பல பத்திரிகைகளில் உலாவியது. மேலே சின்ன எழுத்தில் 'இன்ன இதழிலிருந்து' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூலம் அந்த இதழ்தான். அதில் வெட்டாமல் முழுசாக இருக்கும்.

—

வைகைக்கரையான்

மிக்க நன்றி. இதுவரை பிரித்த ஒரு 1850கள் இதழில் 'நம் இந்திய மிஷன்' என்று ஒரு பத்தி, அதில் 'லோதியானா' என்ற ஊர் வருகிறது. அது லூதியானாதானா? நியூ ஸ்கூல் பத்திரிகையில் அது எப்படி? தாள் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

—

பதில் – ஏட்டுக்காவல்

தாள் தலைகீழாக இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. 1850கள் வரை பத்திரிகைத் தாள் கந்தல் துணியில் செய்தது; பருத்தி, லினன் நார் நீளமாக இருக்கும். துணி மாதிரி வளைகிறது என்றீர்களே, துணியேதான். 1870களுக்குப் பிறகு மரத்தை அரைத்த கூழ் வந்தது. நார் குட்டை, மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும், போதாததற்குப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்துத் தாளை இறுக்கினார்கள். படிகாரத்திலிருந்து அமிலம் ஊறி நாரை வெட்டும். மதுரைச் சூட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

அதனால் இரண்டு கட்டையும் முதலில் பிரித்து வையுங்கள். மரக்கூழ்த் தாளின் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் ஏறும்.

பூச்சி: ராமபாணம் ஓடினாலோ, மணல் மாதிரி எச்சம் உதிர்ந்தாலோ, ஒவ்வொரு கட்டையும் தடித்த பாலிதீன் பையில் காற்றை அமுக்கி எடுத்து, டேப்பால் வாயை மூடி, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃபிரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். ஆத்திரப்பட்டுத் திறந்தால் சில்லென்ற தாளில் நீர் கோத்துக்கொள்ளும், மை ஊறும். வேப்பிலை பூச்சியைக் கொல்லாது. இலையின் ஈரமும் கறையும்தான் மிச்சம். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். கரையான் புற்று மண் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். காய்ந்தபின் 2 அங்குல மென்மையான தட்டை பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

விரிப்பது, கந்தல் தாள் மட்டும்: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி எடுத்து, அடியில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துண்டு, அதற்கு மேல் கம்பித் தட்டு, தட்டின் மேல் காய்ந்த வெள்ளைத் துணி, அதன் மேல் மடிந்த இதழ். தண்ணீர் தாளில் படவே கூடாது. மூடி 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள், மடிப்பு இளகியிருந்தால் எடுத்துவிடலாம்; 4 மணிக்கு மேல் விட வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்த வேலையே தேவையில்லை, திறந்து வைத்தாலே காற்றின் ஈரம் போதும். இளகியதும் மை உறிஞ்சும் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே பிளைவுட் பலகை, அதன் மேல் 4 கிலோ பரவலாக, இரண்டு நாள். முதல் நாள் மட்டும் உறிஞ்சுதாளை இரண்டு முறை மாற்றுங்கள்.

மரக்கூழ்த் தாளுக்கு இந்த ஈர வைத்தியம் செய்யக் கூடாது. நொறுங்குகிற மடிப்பைத் திறக்க முயன்றால் மடிப்புக் கோட்டிலேயே இரண்டாகிவிடும், அங்கே இருக்கும் வரி போய்விடும். அந்த 5 இதழையும் தட்டையான அட்டைகளுக்கு நடுவே வைத்து, ஓரத்தில் கட்டாமல், நூலகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். மதுரைச் செய்தி அவற்றில் இல்லை என்று மேலே நண்பர் சொல்லிவிட்டதால் அவசரமும் இல்லை.

கிழிசலுக்கு செல்லோடேப் போடாதீர்கள். சில வருடங்களில் பசை மஞ்சளாகி, பின் பழுப்பாகி, எழுத்தை மூடும். நம்ம ஊர் பைண்டிங் கடை மைதா பசையும் வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அந்தச் செம்பு தாளை உள்ளிருந்து கரிக்கும். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் மெத்தில் செல்லுலோஸ் தூவி, ஓர் இரவு ஊறவிட்டால் கூழாகும். அதை ஜப்பானியத் தாளில் (மெல்லிய, வலுவான ஒட்டுத்தாள்) மெல்லத் தடவி, கிழிசலின் பின்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒட்டுங்கள். லேமினேஷன் செய்தால் பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

படம்: அந்தக் காலப் பத்திரிகைப் பக்கம் போர்வை அகலம். உங்களுடையதை அளந்து பாருங்கள். 24க்கு 36 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 12 மெகாபிக்சல் ஃபோனில் முழுப் பக்கத்தையும் ஒரே படமாக எடுத்தால் அங்குலத்துக்கு 110 புள்ளிதான் கிடைக்கும், பொடி எழுத்து கரைந்துவிடும். குறுக்கே 2, நெடுக்கே 4 என்று 8 துண்டாக எடுங்கள். ஒவ்வொன்றும் ஓரம் மேவ 14க்கு 10.5 அங்குலம். அப்போது 285 புள்ளி வரும், பெயர்கள் தெளிவாக விழும். ஃபோனை ஸ்டாண்டில் பொருத்திப் பக்கத்துக்கு இணையாக வையுங்கள். ஃபிளாஷ் கூடாது, வடக்குப் பார்த்த திண்ணை வெளிச்சம் போதும். பின்பக்க எழுத்து தெரிந்து தொல்லை கொடுத்தால் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வையுங்கள், பாதிக்குமேல் மறைந்துவிடும். கோப்புப் பெயரை வருடம்-மாதம்-நாள்-பக்கம்-துண்டு என்ற வரிசையில் எண்களாகப் போடுங்கள், இல்லையென்றால் 9 இதழுக்கு 288 படம் எடுத்தபின் எது எது என்று தெரியாது (4 பக்கம் × 8 துண்டு × 9).

—

பதில் – பசுமலைப்பாதை

லோதியானா என்பது லூதியானாவேதான், அக்கால எழுத்துக்கூட்டல். 'நம்' என்ற சொல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு சாத்தியம். ஒன்று, ஓல்ட் ஸ்கூல் பத்திரிகை எதிலிருந்தோ வெட்டி ஒட்டியிருப்பார்கள். பிலடெல்பியாவிலேயே 1831லிருந்து 'தி பிரஸ்பிட்டேரியன்' என்ற ஓல்ட் ஸ்கூல் பத்திரிகை இருந்தது. 'நம்' என்பது வெட்டிய இடத்தின் 'நம்'. இரண்டு, கட்டில் வேறு பத்திரிகையின் தனித்தாள் கலந்திருக்கலாம். அந்தப் பக்கத்தின் மேல்வரியைப் பாருங்கள், பத்திரிகைப் பெயரும் தேதியும் அங்கே இருக்கும்.

—

பதில் – அச்சுக்கோப்பு

பெயர்க் குழப்பத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். லண்டனில் 1802லிருந்து ஆங்கிலிக்கன்காரர்களின் 'கிறிஸ்டியன் அப்சர்வர்' இருந்தது, கல்கத்தாவில் 1832லிருந்து 'கல்கத்தா கிறிஸ்டியன் அப்சர்வர்'. இரண்டும் மாத இதழ், புத்தக அளவு. உங்கள் போர்வைத்தாளோடு சேராது. 1823ல் தொடங்கிய 'நியூயார்க் அப்சர்வர்' மட்டும் கண்ணை ஏமாற்றும், அதுவும் பெரிய தாள், அதுவும் பிரஸ்பிட்டேரியன் வீடுகளுக்குப் போன வாரப் பத்திரிகை. தந்தி மோர்ஸின் தம்பிகள் சிட்னி, ரிச்சர்ட் இருவரும் நடத்தியது. அது வேறு மரபு.

'குடும்பப் பத்திரிகை' கேள்வி விட்டுப்போயிற்று. அது விளம்பர வார்த்தை அல்ல, பக்கம் கட்டிய முறைக்கே பெயர். ஞாயிறன்று வேறு பத்திரிகை தொடாத வீட்டுக்குள் ஒரே தாள் போகிறது. தகப்பனுக்கு உபதேசமும் சபைத் தகராறும், தாய்க்கு வீட்டுப் பத்தி, பிள்ளைகளுக்குக் கதையும் வேதாகமக் கேள்வியும், எல்லோருக்கும் கல்யாணம், மரணம், தானிய விலை. தானிய விலையை ஞாயிறன்று படிக்கலாமா என்பதே அந்த வீடுகளில் விவாதமாக இருந்தது. சந்தா சேர்ப்பவர் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பாதிரியார். முன்பணம் கட்டினால் ஒரு விலை, இழுத்தடித்தால் கூடுதல் விலை. உங்கள் இதழ்களில் கல்யாண, மரணப் பத்திகளை முழுசாகப் படம் எடுங்கள். மதுரைக்கு வந்த மிஷனரிகளின் குடும்பப் பெயர்கள் தலைப்புச் செய்தியில் வருவதைவிட அங்கே வர வாய்ப்பு அதிகம்.

—

வைகைக்கரையான்

மேல்வரி பார்த்தேன். லோதியானா பத்தி இருந்த தாளில் 'தி பிரஸ்பிட்டேரியன்' என்றுதான் இருக்கிறது. தனித்தாள் கலந்திருக்கிறது. அதையும் ஓர் இதழ் என்று எண்ணிவிட்டேன். அப்படியானால் அப்சர்வர் 8 இதழ்தான், 256 படம். முதல் திங்களை ஒட்டிய இதழ் அதில் 3 இருக்கிறது. நாளைக்கு அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.